அண்ணன் கடை முன்னால் ஒரு கடலைக்காய் வண்டி

கேள்வி: ஐயா, பாலக்காடு மாவட்டத்தில் எல்லையை ஒட்டிய ஒரு நகரசபையில் நான் வார்டு கவுன்சிலர். முதல் தடவையாக ஜெயித்து வந்திருக்கிறேன். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பெரியவர் இருபது வருஷத்துக்கு மேலாகக் கடலைக்காய் வண்டி போட்டிருக்கிறார். அவருடைய தெருக்கடை லைசென்ஸைப் புதுப்பிக்கும் விஷயம் அடுத்த கவுன்சில் அஜெண்டாவில் வருகிறது. புதுப்பிக்கவே கூடாது என்று மனு கொடுத்திருப்பது என் கூடப்பிறந்த அண்ணன். வண்டிக்குப் பின்னால் இருப்பது அவருடைய மொபைல் கடை. பைக் நிறுத்த இடமில்லை, புகை கடைக்குள் வருகிறது என்கிறார். பெரியவர் கை கால் விழுந்து படுத்து ஏழெட்டு மாதமாகிறது. வண்டியில் நிற்பது அவர் மனைவி. 'லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, யாவாரம் இன்னொருத்தர்' என்றும் மனுவில் இருக்கிறது. என் எலெக்‌ஷன் செலவில் பாதிக்கு மேல் அண்ணன் போட்ட பணம். அம்மாவும் அவர் வீட்டில்தான் இருக்கிறார். அந்தப் பெரியவர் வீட்டு நான்கு ஓட்டும் எனக்குத்தான் விழுந்தது. பேசாமல் அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிடலாமா? (பெயர், ஊர் போட வேண்டாம்.)

பதில்: அம்மிணி என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்தானே? பொள்ளாச்சிக்காரனுக்கு வேறெப்படியும் வாயில் வராது.

லீவு போடாதீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்று ஊருக்கே தெரியும். நீங்கள் வராத அன்றைக்கு அந்த ஃபைல் 'எதிர்ப்பு இல்லை' என்று அரை நிமிஷத்தில் ஓடிவிடும். ஆனால் உட்கார்ந்து ஓட்டும் போடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். இந்த விஷயம் எப்படிக் கவுன்சிலுக்கு நேராக வந்தது? 2014-ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, விற்பனைச் சான்றிதழ் (நீங்கள் லைசென்ஸ் என்பது இதைத்தான்) கொடுப்பது, நிறுத்தி வைப்பது, ரத்து செய்வது எல்லாம் டவுன் வெண்டிங் கமிட்டி பார்க்க வேண்டிய வேலை. நகரசபையின் தலைமை அதிகாரிதான் அதற்குத் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களாக இருக்க வேண்டும். அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கமிட்டியின் முடிவு பிடிக்காதவர்கள் மேல்முறையீட்டுக்கு எங்கே போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் நகரசபைக்குத்தான். மேல்முறையீடு கேட்க வேண்டிய இடமே முதலில் கை தூக்கிவிட்டால் பெரியவர் அப்புறம் எந்தப் படி ஏறுவார்? ஆகவே செக்ரட்டரியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'கமிட்டி கூடியதா, அதன் குறிப்பு ஃபைலில் இருக்கிறதா?' இல்லையென்றால் அஜெண்டாவில் அந்த அயிட்டத்துக்கு இன்னும் வேளை வரவில்லை.

அடுத்து அண்ணனின் மனு. அதில் கனமாகத் தெரிவது 'ஒருத்தர் பேரில் லைசென்ஸ், இன்னொருத்தர் யாவாரம்' என்பதுதான். நகராட்சி வருவாய்ப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான், இந்த வரியை எத்தனையோ மனுக்களில் பார்த்திருக்கிறேன். சட்டம் தடுப்பது சான்றிதழை வாடகைக்கு விடுவதையும் அடுத்தவருக்குக் கைமாற்றுவதையும். வியாபாரத்தைத் தானோ, தன் குடும்பத்தாரைக் கொண்டோ நடத்தலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. சான்றிதழ்காரர் நோயில் விழுந்தாலோ இறந்தாலோ, அந்தச் சான்றிதழின் காலம் முடியும்வரை குடும்பத்தில் ஒருவர் அதே இடத்தில் விற்கலாம், வரிசையில் முதலில் நிற்பது மனைவி. ஆக, அந்தம்மா அங்கே நிற்பதில் ஒரு தப்பும் இல்லை. 'காலம் முடியும்வரை' என்பதை மட்டும் கவனியுங்கள். புதுப்பிக்கும் மனுவிலேயே இனி யார் விற்கப் போகிறார் என்பதை எழுதிக் கொடுப்பது அவர்களுக்கு நல்லது. இதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருக்கக் கூடாது, ஆபீஸில் அந்த செக்‌ஷன் கிளார்க்காக இருக்கட்டும்.

மூன்றாம் ஆள் எவராவது தினம் இவ்வளவு என்று பணம் கொடுத்து வண்டியை ஓட்டுகிறார் என்றால் கதை வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

இனி பைக்கும் புகையும். அண்ணன் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். கண்ணாடிக் கதவு போட்ட மொபைல் கடைக்குள் நாள் முழுக்க விறகுப் புகை வந்தால் யாருக்கும் எரிச்சல்தான். ஆனால் கடை வாடகை ஷட்டர் வரைக்கும்தானே அம்மிணி? ஷட்டருக்கு வெளியே அண்ணனுக்கும் இடமில்லை, பெரியவருக்கும் பட்டா இல்லை. 1989-இல் டெல்லி நடைபாதைக்காரர் ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இரண்டையும் சேர்த்தே சொன்னது. தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமைக்குள் வரும், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு. ஆனால் இந்த இடத்தில்தான் உட்காருவேன் என்ற உரிமை யாருக்கும் கிடையாது. எனவே இடத்தைப் பற்றிப் பேசலாம், பேரம்கூடப் பண்ணலாம். பேரம் படியாமல் வண்டியை அங்கிருந்து மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வண்டியை ஆறடி தள்ளிப் போடுவதற்கும் லைசென்ஸையே கிழித்துப் போடுவதற்கும் எத்தனை தூரம்! உங்கள் அண்ணன் கேட்டிருப்பது இரண்டாவதை.

கமிட்டியிலிருந்து ஒருவரை டேப்போடு அனுப்பிக் கடை வாசல் எத்தனை அடி, வண்டி எத்தனை அடி, பைக்குகள் எத்தனை மணிக்கு நிற்கின்றன என்று ஒரு சாயங்காலம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். விறகை விட்டு கேஸ் அடுப்புக்கு மாறினால் புகைப் பிரச்சினை முடிந்தது. பழைய பேப்பரில் பொட்டலம் கட்டுகிறார்களா என்றும் பார்க்கட்டும். உணவுப் பண்டத்தை நியூஸ் பேப்பரில் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதி இருக்கிறது. (நமக்கென்னவோ பேப்பர் பொட்டலம் இல்லாமல் கடலைக்காய் தின்ற மாதிரியே இருக்காது. உங்கள் ஊரில் அதில் வசதி வேறு: நாம் கடலைக்காய் என்று கேட்டாலும் மலையாளத்துக்காரர் கப்பலண்டி என்று கேட்டாலும் வருவது ஒரே பொட்டலம், படிக்கக் கிடைக்கும் பாதிச் செய்தி மட்டும் ஒரு நாள் தமிழ், ஒரு நாள் மலையாளம்.) இவையெல்லாம் நிபந்தனை போட்டுத் திருத்துகிற குறைகள். ஒரு வீட்டின் அடுப்பை அணைக்கப் போதுமான காரணங்கள் அல்ல.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் நான் வேலை பார்த்த ஊரில், பஸ் ஸ்டாண்டு ஓரமாக நேந்திரங்காய் சிப்ஸ் போடும் மலையாளத்து அம்மா ஒருவர் இருந்தார். இடத்தைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ். அதைச் சார்வு செய்ய, அதாவது நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க, போனது நான்தான். நோட்டீஸ் முழுக்கத் தமிழ். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கையெழுத்துப் போட்டு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கெடு முடிந்த மறுநாள் லாரி வந்தபோது அந்தக் கவரைத்தான் எடுத்து நீட்டினார், 'வரி கட்டியிட்டுண்டு சாரே' என்று. அவர் அதை ரசீது என்று நினைத்திருந்தார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, சீவின காய் பாதி சட்டியில், பாதி பலகையில். எண்ணெயை எதில் ஊற்றுவது என்று தெரியாமல் நாலு பேர் நின்றோம். சட்டம் சரியாகத்தான் நடந்தது, நோட்டீஸ் சார்வாகிவிட்டது.

பெரியவர் வீட்டிலும் தமிழ்தான் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் ஊரில் அதே கதை தலைகீழாக நடக்கக் காத்திருக்கிறது. பெரியவர் வீட்டுக்கு ஆபீஸிலிருந்து ஏதாவது காகிதம் போயிருந்தால் அது எந்த மொழியில் போனது? சான்றிதழை ரத்து செய்யவோ நிறுத்தி வைக்கவோ நினைத்தால், வியாபாரியைக் கூப்பிட்டு அவர் தரப்பைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. புரியாத மொழியில் கூப்பிட்டால் அது கூப்பிட்ட கணக்கா? கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழருக்கும் கன்னடருக்கும் தம் மொழியில் அரசுக்கு எழுத இடம் வைத்திருக்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவோ, குறையைச் சொல்லி எந்த அதிகாரிக்கு மனு எழுதினாலும், நாட்டிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்கிறது. அந்தம்மா தமிழிலேயே எழுதிக் கொடுக்கட்டும், வாய்ப்பேச்சாகச் சொன்னால் ஒருவர் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கட்டும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நடைமுறை இது. இதை மட்டும் செக்ரட்டரிக்கு எழுத்தில் கேளுங்கள். கேட்கும்போதே முதல் வரியில் 'மனுதாரர் என் அண்ணன்' என்று எழுதிவிடுங்கள்.

மீட்டிங்கிலும் அதேதான். அந்த அயிட்டம் வந்ததும் எழுந்து, 'இதில் மனு கொடுத்திருப்பது என் அண்ணன், நான் பேசவும் மாட்டேன், ஓட்டும் போட மாட்டேன்' என்று சொல்லி, மினிட்ஸில் எழுதச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அண்ணன் விஷயத்தில் நகரசபைச் சட்டம் உங்களை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்துகிறது என்று செக்ரட்டரி சொல்வார். கட்டுப்படுத்தவே இல்லை என்றாலும் எழுந்து வாருங்கள். அந்த நான்கு ஓட்டையும் இதில் இழுக்காதீர்கள். அவர்கள் ஓட்டுப் போட்டதற்காக நீங்கள் லைசென்ஸ் கொடுத்தால், அடுத்த வண்டிக்காரர் ஓட்டுப் போடாததற்காக இழப்பார்.

கஷ்டமான பகுதி வீட்டில்தான். மீட்டிங்குக்கு முந்தின நாள் போகாதீர்கள், இந்த வாரமே போங்கள். அம்மா இருக்கும்போது பேச வேண்டாம், அவரைப் பஞ்சாயத்துக்கு இழுப்பது பாவம். அண்ணன் கடை சாத்துகிற நேரத்தில் போய், 'அண்ணா, இதுல நான் உனக்கும் கை தூக்க மாட்டேன், அவங்களுக்கும் தூக்க மாட்டேன். எந்திரிச்சு வெளிய போயிருவேன். அங்க தெரிஞ்சு நீ சங்கடப்படறதுக்கு முன்னால நானே சொல்லீரலாம்னு வந்தேன்' என்று சொல்லுங்கள். 'எலெக்‌ஷனுக்கு நான் போட்ட காசு?' என்று கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் உங்கள் அண்ணியாவது கேட்பார். அதை எழுதி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுங்கள். கவுன்சிலர் படியில் அதற்கு எத்தனை வருஷமாகும் என்று கணக்குப் பார்த்துத் தலையில் கை வைக்காதீர்கள், ஆரம்பித்துவிடுங்கள். கோபம் கொஞ்ச நாள் இருக்கும். தங்கச்சியை வைத்துக் கடலைக்காய்க்காரியைத் துரத்தினார் என்ற பேச்சு பஸ் ஸ்டாண்டில் அதைவிட நெடுநாள் நிற்கும், அவர் கடை வாசலிலேயே நிற்கும். இதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவருக்கே ஒருநாள் தோன்றும். தோன்றாமலும் போகலாம்.

ஃபைல் முடிகிறவரை வண்டிப் பக்கம் நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டு வழியாகப் போகாமல் உங்களால் இருக்க முடியாது, அது தெரியும். அந்தம்மா கூப்பிட்டு ஒரு பொட்டலம் நீட்டுவார். காசு வேண்டாங்க கண்ணு என்பார். வாங்குவதானால் காசு கொடுத்து வாங்குங்கள், சில்லறை இல்லையென்றால் வாங்காமல் நடங்கள்.