புரண்டு படுத்தால் சுளீர் என்கிறது!

கேள்வி: எனக்கு ஏழாவது மாதம். புரண்டு படுத்தாலும் படி ஏறினாலும் அடிவயிற்றுக்குக் கீழே முன் எலும்பில் சுளீர் என்று இழுக்கிறது. சில சமயம் 'டக்' என்று சத்தமும் கேட்கிறது. எலும்பு விலகிவிட்டதா? உட்கார்ந்து வீடு பெருக்கினால் சரியாகும் என்கிறார் மாமியார். சிசேரியன்தான் செய்ய வேண்டியிருக்குமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: விலகியிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு இடுப்பெலும்புகளும் முன்பக்கம் சேரும் இடத்தில் சாதாரணமாகவே 4-5 மி.மீ. இடைவெளி உண்டு. கர்ப்பத்தில் அது இன்னும் 2-3 மி.மீ. கூடும். 10 மி.மீ.க்கு மேல் போனால்தான் 'விலகல்' என்போம். அது அபூர்வம்; பெரும்பாலும் பிரசவ நேரத்தில் நடப்பது.

மூட்டு தளர்வது கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பொது. உடல் பாரம் ஒரே காலில் இறங்கும்போது இரண்டு எலும்புகளும் மேலும் கீழுமாக அசைகின்றன. வலி அங்கேதான். அதனால் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டே அசைய வேண்டும். புரளும்போது இரண்டு முழங்கால்களையும் மடக்கி, நடுவே ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு, தோளும் இடுப்பும் காலும் ஒன்றாகத் திரும்பட்டும். பாவாடையை உட்கார்ந்தே கட்டுங்கள். ஆட்டோவில் முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே எடுங்கள். படி ஏறும்போது வலி குறைந்த கால் முன்னே. இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே.

மாமியார் சொன்ன வைத்தியம் உங்களுக்கு ஆகாது. குத்துக்காலிட்டு நகர்வது, சம்மணம் போடுவது, மூத்த குழந்தையை இடுப்பில் தூக்குவது எல்லாமே வலியைக் கூட்டும். அதற்காக நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் தசை இளைத்து மூட்டு இன்னும் ஆடும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டை வைத்து 5 விநாடி மெல்ல அழுத்துங்கள். 10 தடவை, காலை மாலை. வலித்தால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

இடுப்பெலும்பைத் தாங்கிப் பிடிக்க பெல்ட் வாங்குகிற பலர் அதை வயிற்றில் கட்டுகிறார்கள். தொடை தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் துருத்தும் எலும்பின் மேலாகச் சுற்றி, முன்னே வயிற்றுக்குக் கீழே வர வேண்டும். நடக்கும்போது மட்டும் போதும்.

வலிக்கு, மருத்துவரைக் கேட்டு பாராசிட்டமால் எடுக்கலாம். டைக்ளோஃபினாக், இப்யூபுரோஃபென் வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடையில் வாங்கும் வலி களிம்புகள் பலவற்றிலும் டைக்ளோஃபினாக் இருக்கிறது, லேபிளைப் படியுங்கள்.

இந்த வலி மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. 36-வது வாரத்தில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வலியில்லாமல் எவ்வளவு விரிக்க முடிகிறது என்று இரு முழங்கால்களுக்கு நடுவே டேப்பால் அளந்து ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். பிரசவத்தின்போது முதுகில் மரப்பு ஊசி போட்டால் வலி தெரியாது; கால்களை அந்த அளவுக்கு மீறி விரித்துவிடக்கூடும். ஒருக்களித்துப் படுத்தும் பிரசவிக்கலாம், முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

விட்டு விட்டு வரும் வயிற்று இறுக்கம், ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.