கருத்தைக் கடைசியில் கேளுங்கள்

கேள்வி: பாட்டோ கதையோ, வாசித்து முடித்ததும் மாணவிகள் ஒரு ‘கருத்தை’ச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். வரிவரியாக நுணுகி வாசிப்பதைக் கற்பிக்க முடியுமா? அப்படி வாசித்தால் ரசனை கெட்டுவிடாதா?
— தமிழாசிரியை ஒருவர், தக்கலை

பதில்: முடியும், டீச்சர். அவர்கள் கருத்தோடு நிற்பதற்குக் காரணம் நாம்தான். ‘இப்பாடலின் மையக்கருத்து யாது?’ என்றே கேட்டுப் பழக்கியிருக்கிறோம். அதற்குப் பதில் எழுதப் பாட்டே வேண்டாம், கைடு போதும்.

குறுந்தொகையில் கபிலரின் 25ஆம் பாட்டை எடுங்கள். ஐந்தே வரி. மணம் தள்ளிப்போகிற கலக்கத்தில் தலைவி தோழியிடம் பேசுகிறாள். ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று தொடங்குகிறவள், ‘குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே’, அவன் என்னைக் கூடிய அன்று ஒரு கொக்கும் இருந்தது, என்று முடிக்கிறாள். யாருமே இல்லை என்றவள் குருகை ஏன் இழுக்கிறாள்? கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வகுப்பு மௌனமானால் ஆகட்டும், பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். ‘அது சாட்சி’ என்பாள் ஒருத்தி. சரி, அந்தச் சாட்சி எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? ஓடும் நீரில் ஆரல் மீனை. அதன் கால் தினைத்தாள் போலச் சிறுத்துப் பசுமையாக இருந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது? அந்நேரம் அவள் கண் எங்கே இருந்தது? வெட்கத்தில் குனிந்திருந்தாள் என்பாள் இன்னொருத்தி. வேறொருத்தி மறுப்பாள். வரியைக் காட்டி மறுக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். வரியில் ஆதாரம் இல்லாத விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்காதீர்கள். இதில் தாட்சண்யம் கூடாது.

முடிந்தால் ஒருநாள் தேரூர்க் குளத்துக்குக் கூட்டிப்போங்கள். மீனுக்காக நிற்கும் கொக்கைக் கொஞ்சநேரம் பார்த்தால், கபிலர் ஏன் அந்தப் பறவையை அங்கே நிறுத்தினார் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

கேம்பிரிட்ஜில் இலக்கியம் கற்பித்த ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களை எழுதச் சொன்னார். 1929இல் அதை நூலாக்கியபோது, படித்த பிள்ளைகளில் பலருக்கு நேர்ப்பொருளே பிடிபடாதது வெளிப்பட்டது. ஆகவே தக்கலைப் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இது மேற்கத்தியச் சரக்கு என்று யாராவது சொன்னால், குறளில் வரும் ஓர் ‘உம்’முக்காக நின்று பொருள் சொன்ன உரையாசிரியர் பரிமேலழகரைக் காட்டுங்கள்.

ரசனை இதனால் கெடாது. பாட்டை ஒருமுறைகூட வாய்விட்டு வாசிக்காமல் பொழிப்புரையைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறோமே, அங்கேதான் கெடுகிறது. முதலில் இரண்டு முறை உரக்க வாசியுங்கள், பிறகு கேள்விக்கு வாருங்கள். தேர்வுக்கான மையக்கருத்தை மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எழுதச் சொன்னால் போதும். அப்போது அதை அவர்களே சொந்தமாக எழுதிவிடுவார்கள்.