அஞ்சலிக் குறிப்பில் ஐந்து பிழைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறோம். வெளிநாடுகளில் மறைகிற அறிவியலாளர்கள், எழுத்தாளர்கள் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். 2025இல் மறைந்தவர்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு வைக்கலாம் என்று பழைய குறிப்புகளைப் புரட்டினோம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். 2024 ஏப்ரலில் நாங்கள் முதன்முதலில் ஒட்டிய குறிப்பு இது:

“கடவுள் துகளைக் கண்டுபிடித்த விஞ்ஞானி பீட்டர் ஹிக்ஸ் ஏப்ரல் 9 அன்று தனது 95 வயதில் காலமானார். நோபல் பரிசு பெற்ற அவரது மறைவு அறிவியல் உலகுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.”

அப்போதே இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இதில் மூன்று பிழை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எவை என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. இத்தகைய குறிப்பை எப்படி எழுதுவது?

வாசகர் வட்டப் பொறுப்பாளர்,
தேனி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று அல்ல, ஐந்து.

எளிதான இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹிக்ஸ் இறந்தது 2024 ஏப்ரல் 8. எடின்பரோ பல்கலைக்கழகம் அதை அறிவித்ததுதான் 9ஆம் தேதி. அறிவித்த நாளை இறந்த நாளாக எழுதுவது இந்த வகைக் குறிப்புகளில் அடிக்கடி நேரும் தவறு. சிலரின் மரணம் பல நாள் கழித்தே வெளியே தெரியும். ஆகவே செய்தியின் தேதியைப் பார்க்காதீர்கள், செய்திக்குள் “திங்கள்கிழமை இறந்தார்” என்பது போல் இருக்கும் வரியைத் தேடுங்கள். நேர வித்தியாசமும் சேர்ந்துகொள்ளும். தபலா கலைஞர் ஜாகிர் உசேன் சான்பிரான்சிஸ்கோவில் இறந்தது 2024 டிசம்பர் 15. இங்கே உறுதியான செய்தி வந்தபோது 16 ஆகிவிட்டது. இறந்த ஊரின் தேதியே தேதி.

வயது. ஹிக்ஸ் பிறந்தது 1929 மே 29. 2024இல் 1929ஐக் கழித்து 95 என்று போட்டுவிட்டீர்கள். ஆனால் அந்த ஆண்டின் மே 29 வரவே இல்லை. நிறைந்த வயது 94. நம் வீடுகளில் நடப்பு வயதைச் சொல்லும் பழக்கம் உண்டு, குறிப்பில் நிறைந்த வயதே வர வேண்டும். கனடிய எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ 1931 ஜூலை 10இல் பிறந்து 2024 மே 13இல் இறந்தார்; கழித்தால் 93, சரியான வயது 92. பிறந்த மாதமும் நாளும் தெரியாவிட்டால் வயதை விட்டுவிட்டுப் பிறந்த ஆண்டை மட்டும் எழுதுங்கள்.

மற்ற மூன்று பிழைகளும் இதைவிடப் பெரியவை. ஹிக்ஸ் அந்தத் துகளைக் கண்டுபிடிக்கவில்லை. அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வந்தது என்று விளக்கும்போது, அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1964இல் எழுதினார். கண்டுபிடித்தவர்கள் ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் என்னும் இரு குழுக்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர். அறிவித்தது 2012 ஜூலை 4. முன்னறிவிப்புக்கும் கண்டுபிடிப்புக்கும் நடுவே 48 ஆண்டுகள். ஹிக்ஸின் கதையே அந்த 48 ஆண்டுக் காத்திருப்புதான். “கண்டுபிடித்த” என்ற ஒரு சொல்லால் அதை அழித்துவிட்டீர்கள்.

“கடவுள் துகள்” என்பது ஒரு நூல் தலைப்பிலிருந்து பரவிய பெயர். ஹிக்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஒருவருக்கு அஞ்சலி எழுதும்போது அவர் வெறுத்த பெயரை முதல் சொல்லாக வைக்கலாமா? ஹிக்ஸ் போசான் என்றே எழுதுங்கள். போசான் என்ற சொல்லில் நம் நாட்டு இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ் இருக்கிறார் என்பதையும் சேர்த்தால் நூலகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நிமிடம் நிற்பார்கள்.

ஐந்தாவது, ஹிக்ஸைத் தனியாக நிறுத்தியது. அதே கருத்தை ஃபிரான்சுவா எங்லேர், ராபர்ட் ப்ரௌட் இருவரும் ஹிக்ஸுக்குச் சில வாரங்கள் முன்பே வெளியிட்டிருந்தார்கள். ஹிக்ஸுக்குப் பிறகு குரால்நிக், ஹேகன், கிப்பிள் மூவர் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். 2013 நோபல் ஹிக்ஸுக்கும் எங்லேருக்கும் பகிர்ந்து தரப்பட்டது. ப்ரௌட் 2011இலேயே இறந்துவிட்டார், இறந்தவருக்கு நோபல் கிடையாது. ஒருவரின் பெயர் ஒரு பொருளுக்கு நிலைத்துவிட்டால் மற்ற ஐந்து பேரும் மறைந்துபோவார்கள். அவர்களைக் குறிப்பிடுவதால் ஹிக்ஸ் சிறுத்துவிட மாட்டார்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். குறிப்புகள் ஏன் ஒரே அச்சில் அமைகின்றன? பரிசு, பட்டம், பதவி ஆகியவற்றால் கட்டப்படுவதால். நோபல் பரிசு நூற்றுக்கணக்கானோருக்குக் கிடைத்திருக்கிறது, அதை வைத்து ஒருவரை அடையாளம் காட்ட முடியாது. அவருடைய ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்ய எதைக் கையில் எடுத்தார், எத்தனை முறை முயன்றார், எங்கே தடுமாறினார் என்று எழுதுங்கள். மற்றதெல்லாம் கடைசி இரண்டு வரி.

எண்டோ அகிராவை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் 5இல் 90 வயதில் இறந்த ஜப்பானிய உயிர்வேதியியலாளர். உங்கள் நூலகத்துக்கு வரும் பெரியவர்களில் பலர் இரவு உணவுக்குப் பின் அட்டார்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ போடுகிறவர்களாக இருப்பார்கள். அந்த மருந்துக் குடும்பத்தின் முதல் மூலக்கூறைக் கண்டவர் இவர்தான். “கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தின் தந்தை” என்று எழுதினால் எல்லா நாளிதழும் எழுதியதையே நீங்களும் எழுதியிருப்பீர்கள். வேலைக்குள் போய்ப் பாருங்கள்.

நம் உடலில் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பு உருவாகும் வழியில் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்று ஒரு நொதி உண்டு. அதைத் தடுத்தால் கல்லீரல் கொழுப்பைத் தானே செய்வது குறைகிறது. தேவைக்கு ரத்தத்திலிருந்து “கெட்ட கொழுப்பு” எனப்படும் எல்டிஎல்லை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. அந்த நொதியைத் தடுக்கும் பொருளை எங்கே தேடுவது? பூஞ்சைகளில் தேடலாம் என்பது எண்டோவின் யோசனை. சில நுண்ணுயிர்கள் வாழ ஸ்டெரால் வகைக் கொழுப்பு தேவை. அப்படியானால் அவற்றோடு போட்டியிடும் பூஞ்சை ஏதாவது, ஸ்டெரால் உருவாவதைத் தடுக்கும் பொருளை ஆயுதமாகச் சுரக்கக்கூடும். பெனிசிலின் கதையைப் படித்து வளர்ந்தவருக்கு இப்படித் தோன்றியது இயல்பு. சாங்க்யோ மருந்து நிறுவனத்தில் 1971இல் தொடங்கி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளை ஒவ்வொன்றாக வளர்த்து, வடித்து, சோதித்தார்கள். முதலில் அகப்பட்ட பொருள் நச்சுத்தன்மை கொண்டது. பிறகு கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் படிந்த நீலப்பச்சைப் பூஞ்சை, பெனிசிலியம் சிட்ரினம். அதிலிருந்து 1973இல் கிடைத்தது காம்பாக்டின்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள், உயிரான பகுதி இனிமேல்தான். காம்பாக்டினை எலிக்குக் கொடுத்தார்கள், கொழுப்பு குறையவில்லை. மருந்து ஆராய்ச்சியில் எலியிடம் தோற்ற பொருளுக்கு வழக்கமாக மறுவாழ்வு கிடையாது. ஆனால் எலியின் ரத்தத்தில் எல்டிஎல் இயல்பிலேயே குறைவு. குறைக்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை. முட்டையிடும் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், குறைந்தது. நாய்க்குக் கொடுத்தார்கள், அங்கும் குறைந்தது. பரம்பரையாக மிகை கொழுப்பு கொண்ட நோயாளிகளுக்கு ஒசாகாவில் 1978இல் கொடுக்கப்பட்டது. 1980இல் நாய்களிடம் நீண்ட நாள் அதிக அளவில் கொடுத்த சோதனையில் தெரிந்த பாதிப்பால் நிறுவனம் காம்பாக்டினையே கைவிட்டது. எண்டோ அதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். சந்தைக்கு வந்த முதல் ஸ்டாட்டின், மெர்க் நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டின். 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2008இல் அமெரிக்காவின் மருத்துவ ஆய்வு விருதான லாஸ்கர் விருது எண்டோவுக்கு வந்தது, நோபல் வரவில்லை.

தானியக் கடை, கோழி, ஆறாயிரம். இந்த மூன்றும் இருந்தால் அந்தக் குறிப்பை வேறு யார் பெயருக்கும் மாற்ற முடியாது. நம் நடுகல் வெட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லில் ஒரு நாய்க்கும் இடம் உண்டு: கோவிவன் என்னும் நாய், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. நாயின் பெயரும் கள்ளரின் எண்ணிக்கையும் அந்த வரியில் இருப்பதால்தான் பல்லவர் காலத்து நாயை இன்றும் நினைக்கிறோம்.

பெயர்களைப் பற்றி. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 2025 மே 28இல் 87 வயதில் இறந்தபோது “தியாங்கோ மறைந்தார்” என்று பலர் எழுதினார்கள். தியாங்கோ அவருடைய அப்பா பெயர். “வா” என்றால் “இன்னாருடைய” என்று பொருள். நம்மூரில் முதலெழுத்தாகப் போடும் தகப்பன் பெயர் போன்றதுதான். அவரை கூகி என்றே சொல்ல வேண்டும். மாறாக பெரு நாட்டு எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசாவுக்கு (2025 ஏப்ரல் 13, லிமா) வர்கஸ் அப்பா வழி, யோசா அம்மா வழி. வெறும் யோசா என்பது பாதிப் பெயர். ஜப்பானிலும் சீனத்திலும் குடும்பப் பெயர் முன்னால் வரும். 2025 அக்டோபரில் 103 வயதில் இறந்த இயற்பியலாளர் யாங் சென்னிங்கைச் “சென்னிங்” என்று குறிப்பிட்டால் ஏதோ பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டது போல் ஆகிவிடும்.

மரணச் செய்தி உண்மைதானா என்று பார்ப்பதற்கு ஒரே விதி: குடும்பமோ அவர் பணியாற்றிய நிறுவனமோ சொல்லியிருக்க வேண்டும். பத்து இணையதளங்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதியிருந்தால் அது பத்துச் சான்று ஆகாது. 2024 ஜூனில் அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி இறந்ததாக வதந்தி பரவி, மதிப்புள்ள இதழ்களே அஞ்சலி வெளியிட்டுப் பிறகு எடுத்தன. அவர் மனைவி மறுத்தார். ஜாகிர் உசேன் விஷயத்திலும் குடும்பத்தார் உறுதி செய்வதற்கு முன்பே அஞ்சலிகள் வந்துவிட்டன. உங்கள் பலகைக்கு எந்த அவசரமும் இல்லை. இரண்டு நாள் பொறுங்கள்.

இறந்த காரணத்தை ஊகிக்காதீர்கள். உளவியலாளர் டேனியல் கானமன் 2024 மார்ச் 27இல் 90 வயதில் இறந்தபோது காரணம் சொல்லப்படவில்லை. சுவிட்சர்லாந்துக்குச் சென்று மருத்துவ உதவியுடன் தன் முடிவைத் தானே ஏற்றார் என்பது ஓராண்டு கழித்தே வெளிவந்தது. “மூப்பின் காரணமாக” என்று வயதைப் பார்த்து நிரப்பியவர்கள் பொய் எழுதியவர்கள் ஆனார்கள். “காலமானார்” என்ற சொல்லே எல்லோருக்கும் போதும். “இறைவனடி சேர்ந்தார்” என்பதை தத்துவவாதி டேனியல் டென்னட் போன்ற நாத்திகருக்குப் போடுவது அவர் வாழ்நாள் முழுக்க வாதாடியதற்கு எதிராகப் போய் முடியும்.

உங்கள் 2025 தொகுப்பில் மிகக் கடினமானவர் ஜேம்ஸ் வாட்சன், நவம்பர் 6இல் 97 வயதில் இறந்தவர். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பது துக்க வீட்டு மரியாதை. அதை நான் மதிக்கிறேன், ஆனால் நூலகப் பலகை துக்க வீடு இல்லை. 1953இல் பிரான்சிஸ் கிரிக்குடன் டிஎன்ஏயின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்னார். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஆய்வில் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படம் ஃபிராங்க்ளின் அறியாமலேயே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. ஃபிராங்க்ளின் 1958இல் இறந்தார். 1962 நோபல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போனது. இனம் குறித்து வாட்சன் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்துகளுக்காக, அவர் கட்டி வளர்த்த கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகமே 2019இல் அவருக்கு அளித்த கௌரவப் பட்டங்களைத் திரும்பப் பெற்றது. இவை எல்லாம் வர வேண்டும், அடைமொழி இல்லாமல், ஆண்டோடு. “மாமேதை” என்றும் வேண்டாம், “இனவெறியர்” என்றும் வேண்டாம். நடந்ததை எழுதினால் படிப்பவருக்கே விளங்கும். புதிய உண்மை வந்தால் குறிப்பைத் திருத்தி ஒட்டுங்கள். மன்றோ இறந்து இரண்டே மாதத்தில், தன் இரண்டாவது கணவர் தன் மகளுக்குச் சிறுவயதில் இழைத்த கொடுமை தெரிந்த பின்னும் அவர் அந்தக் கணவருடனேயே வாழ்ந்தார் என்பது மகளின் கட்டுரையால் வெளிவந்தது. மே மாதத்து அஞ்சலிகள் ஜூலையில் குறையுள்ளவை ஆயின.

அளவு 150 முதல் 200 சொல் போதும், நின்றுகொண்டு படிக்க வேண்டியது. பாதிக்கு மேல் அந்த ஒரு வேலைக்கு. வயதானவர்களுக்கு முன்கூட்டியே எழுதி வைப்பதில் தவறில்லை, பெரிய நாளிதழ்கள் அப்படித்தான் செய்கின்றன. ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் 2011இல் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட அஞ்சலியை எழுதியவர் 2005இலேயே இறந்திருந்தார். முன்கூட்டி எழுதியதை ஒட்டும் முன் தேதி, வயது இரண்டையும் மறுபடி சரிபாருங்கள்.

உங்கள் ஹிக்ஸ் குறிப்பை எடுத்துவிட்டு இதை ஒட்டலாம்:

“பீட்டர் ஹிக்ஸ் (1929 மே 29 – 2024 ஏப்ரல் 8). அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வந்தது என்று 1964இல் ஒரு கட்டுரை எழுதினார். முதலில் அனுப்பிய இதழ் அதை ஏற்கவில்லை. புதிய துகள் ஒன்று இருக்க வேண்டும் என்று கூறும் பகுதியைச் சேர்த்து வேறு இதழுக்கு அனுப்பினார். எங்லேர், ப்ரௌட் உள்ளிட்ட ஐவரும் அதே ஆண்டில் இதே விடையை எட்டினார்கள். ஹிக்ஸ் போசான் எனப்படும் அந்தத் துகள் 48 ஆண்டுகளுக்குப் பிறகு செர்ன் ஆய்வகத்தில் அகப்பட்டது. நம் உடல் எடை முழுவதும் ஹிக்ஸ் சொன்ன வழியில் வந்ததல்ல. புரோட்டானின் நிறையில் மிகச் சிறு பங்கே அப்படி வருவது. ஆனால் எலக்ட்ரானுக்கு நிறை இல்லாவிட்டால் அணுவே அமையாது. 2013 நோபல் பரிசை எங்லேருடன் பகிர்ந்துகொண்டார். எடின்பரோவில் காலமானார். வயது 94.”