மலையகத்தில் இடதுசாரிக் கட்சியில் சேரலாமா?

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து இளைஞர் ஒருவர் கேட்கும் கேள்வி இது. சேரலாம், ஆனால் முதலில் வரலாற்றை வைத்துக் கேளுங்கள். மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தை லங்கா சமசமாஜக் கட்சி உள்ளிட்ட இடதுசாரிகள் எதிர்த்தார்கள். அதே சமசமாஜக் கட்சி 1964இல் அரசில் இருந்தபோதுதான் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜேவிபியின் (மக்கள் விடுதலை முன்னணி) தொடக்ககால வகுப்புகளில், தோட்டத் தமிழரை இந்தியாவின் கருவியாகப் பார்த்த 'இந்திய விஸ்தரிப்புவாதம்' ஒரு பாடம். இவற்றைப் பற்றி இன்று என்ன சொல்கிறீர்கள் என்று தோழர்களிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் அவசரப்படாதீர்கள்.

பலர் சறுக்குவது படிவத்தில். தொழிற்சங்கப் படிவமும் கட்சி உறுப்புரிமையும் வேறு வேறு. சங்கச் சந்தா சம்பளத்தில் கழியும். பழைய சங்கத்திலிருந்து எழுத்தில் விலகாமல் புதியதில் ஒப்பமிட்டால் இரண்டுக்கும் கழியக்கூடும். சம்பளத் துண்டைப் பாருங்கள், விலகல் கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். கட்சியின் யாப்பை, அதாவது விதிமுறைகளை, தமிழில் கேட்டு வாங்குங்கள். கூட்டம் சிங்களத்தில் மட்டும் நடந்தால் உங்கள் வாக்குக்கு அங்கே பெறுமதி குறைவு.