சபையார் சம்பளம் தராவிட்டால் லேபர் ஆபீஸ் போவது பாவமா?

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். எங்கள் தமிழ்ச் சபை விசுவாசி ஒருவரின் தையல் யூனிட்டில் அம்மா வேலை பார்த்தார். உடம்பு முடியாமல் நின்றுவிட்டார். இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. புகார் கொடுக்கலாம் என்றால், "உரிமை கேட்பது உலகத்தார் வழி, 1 கொரிந்தியர் 6 வாசியுங்கள்" என்கிறார் போதகர். அம்மா பயப்படுகிறார். புகார் கொடுப்பது பாவமா?

பதில்: இல்லை, சகோதரி. போதகர் சொன்ன அதிகாரத்தையே அம்மாவோடு உட்கார்ந்து எட்டாம் வசனம்வரை வாசியுங்கள். கொரிந்து சபைக்கு எழுதுகையில், சக விசுவாசிமேல் வழக்குக்குப் போகிறவர்களைக் கடிந்துகொள்ளும் பவுல், சகோதரருக்கே அநியாயம் செய்து அபகரிப்பவர்களையும் விடவில்லை. ஐந்தாம் வசனத்தில், சகோதரருக்குள் வழக்கைத் தீர்க்க ஒரு விவேகிகூட உங்களுக்குள் இல்லையா என்று கேட்கிறார். அதாவது, சபை உட்கார்ந்து தீர்த்துவைக்க வேண்டும். தீர்க்கவும் மாட்டோம், போகவும் விடமாட்டோம் என்பதற்கு அங்கே இடமில்லை. கொரிந்து ஒரு ரோமக் குடியேற்ற நகரம். அங்கே வழக்காடப் பணமும் செல்வாக்கும் வேண்டும். பவுல் கண்டித்தது வசதியுள்ளவர்களின் வழக்குகளை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பவுல் தன் உரிமையைக் கேட்காமலும் இருக்கவில்லை. பிலிப்பி நகரில் அவரையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் இரகசியமாகப் போகச் சொன்னார்கள். நாங்கள் ரோமக் குடிமக்கள், அதிகாரிகளே வந்து அழைத்துப் போகட்டும் என்று நின்றுவிட்டார் (அப்போஸ்தலர் 16). பின்னொரு நாள் இராயனுக்கே, அதாவது ரோமப் பேரரசருக்கே, அபயமிட்டு மேல்முறையீடு செய்தார். அவருக்கு வெகுகாலம் முன்பே செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேக்கும் சபையார் அனைவருக்கும் முன்னால் நின்று தகப்பனின் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தர் சொன்னதாகவும், சட்டமே மாறியதாகவும் எண்ணாகமம் 27 சொல்கிறது. இதைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்க முடிவதில்லை!

கூலி விஷயத்தில் வேதம் பூசி மெழுகவே இல்லை. ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும், அவன் சொந்த ஜனமானாலும் அந்நியனானாலும் சரி என்கிறது உபாகமம் 24. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்களுக்கு இது பொருந்தும். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (5:4).

அதற்காக மனித உரிமை எல்லாமே வேதத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அடிமைகள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5-ஐக் காட்டி அடிமைகளை வைத்திருந்தவர்களும் விசுவாசிகள்தான். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தில் கடவுள் பெயரே கிடையாது. ஆனால் அதை எழுதியவர்களில் லெபனானின் சார்லஸ் மாலிக் என்ற கிறிஸ்தவரும் இருந்தார், நம் நாட்டின் ஹன்சா மேத்தாவும் இருந்தார். உழைப்புக்கு நியாயமான ஊதியம் என்பது அதன் 23-ஆம் பிரிவு. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1982-ல் இன்னும் அழுத்தமாகச் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு.

இனி ஆகவேண்டியது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. அம்மா அதற்காகக் கலங்க வேண்டாம். ஆனாலும் அங்கே வேலை பார்த்ததற்கு அடையாளமாக வாட்ஸ்அப் செய்திகள், பழைய சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வருகைப் பதிவின் போட்டோ, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

முதலில் மத்தேயு 18 சொல்கிறபடியே போங்கள். அம்மா நேரில் கேட்கட்டும், பிறகு சபையில் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு கேளுங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவராக வரும்படி போதகரையே கூப்பிடுங்கள். தொகையையும் கெடு தேதியையும் முதலாளிக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். இரண்டு வாரம் போதும். கெடு தாண்டினால் பன்னேர்கட்டா சாலையில் தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனில் விசாரித்து, உங்கள் பகுதி லேபர் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். கன்னடத்தில் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், வருமான வரம்பும் கிடையாது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.