அப்பாவுக்குப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. டொக்டரிடம் என்ன கேட்பது, எப்படிக் கதைப்பது?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: அப்பாவுக்கு 66 வயது. பெருங்குடலில் புற்றுநோய் என்று பயொப்சியில் (கட்டியில் சின்னத் துண்டெடுத்துப் பார்க்கிற சோதனை) வந்திருக்கிறது. வரும் செவ்வாய் கிளினிக். அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, சொந்தக்காரர் சொல்லவேண்டாம் என்கிறார்கள்.

நான் டொக்டர் இல்லை. இணுவிலில் இருக்கிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, கிளினிக் வாங்கில்களில் மூன்று வருடம் இருந்தெழும்பின ஆள். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் விட்ட பிழை. பயொப்சி முடிவு எடுக்கப் போன அன்று அம்மாவை வெளியில் இருத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போய், "டொக்டர், அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ, அவ தாங்கமாட்டா" என்றேன். அது ஒரு தனியார் இடம். அவரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். என்னோடு இங்கிலிஷில் இரண்டு நிமிடம் கதைத்தார். அம்மா உள்ளே வந்ததும், "சின்னக் கட்டிதான், தெல்லிப்பளைக்கு எழுதித் தாறன், போய்க் காட்டுங்கோ" என்று முடித்துவிட்டார். தெல்லிப்பளையில் இருப்பது புற்றுநோய் ஆஸ்பத்திரி. அம்மா வாயே திறக்கவில்லை.

இரவு சாப்பிட்டுவிட்டு இருக்கும்போதுதான் சொன்னா: "பிள்ளை, 2011இல தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறைக்கு நடந்து வந்தவை எல்லே, தெல்லிப்பளை ஆஸ்பத்திரி கட்டக் காசு சேர்க்க, அதுக்கு நானும் 100 ரூபா போட்டனான். என்னத்துக்குக் கட்டின ஆஸ்பத்திரி எண்டு எனக்குத் தெரியாதே?"

யாழ்ப்பாணத்தில் வருத்தத்தின் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள், "அவர் தெல்லிப்பளைக்குப் போய்வாறார்" என்பார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் அந்தத் துண்டைக் கையில் கொடுத்துவிட்டு மறைத்துவிட்டோம் என்று நினைத்தது எங்கள் மடத்தனம். உங்கள் அப்பாவுக்கும் பாதி தெரிந்திருக்கும். தெரிந்ததைக் கதைக்க ஆளில்லாமல் இருக்கிறார் என்றுதான் நான் நினைப்பேன்.

தெல்லிப்பளையில் பார்த்த டொக்டர் வேறு மாதிரி. ஃபைலைத் திறக்க முதல் அம்மாவைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லியிருக்கினம்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு, "எல்லாத்தையும் உங்களுக்கே விவரமாச் சொல்லட்டோ, இல்லாட்டி மகளிட்டச் சொல்லட்டோ?" என்றார். (மருத்துவபீடத்தில் படிக்கிற மச்சாள் சொன்னாள், இப்படிக் கேட்கத்தான் அவர்களுக்குப் படிப்பிக்கிறார்களாம்.) அம்மா சொன்ன பதிலை நான் ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை: "என்ர உடம்பு, எனக்கே சொல்லுங்கோ. ஆனா எத்தினை வருசம் எண்டு மட்டும் சொல்லவேண்டாம்."

தாங்கமாட்டா என்று நான் சொன்ன மனுசி, தனக்கு எது வேணும், எது வேண்டாம் என்று அளந்து சொன்னா. ஆகவே அப்பாவுக்குச் சொல்வதா விடுவதா என்று நீங்களும் மாமாமாரும் இருந்து முடிவெடுக்கவேண்டாம். "அப்பாவிட்டயே கேளுங்கோ, அவருக்கு எவ்வளவு தெரியவேணும் எண்டு" என்று டொக்டரிடம் சொல்லுங்கள். அவர், "எனக்கு ஒண்டும் வேண்டாம், பிள்ளையோட கதையுங்கோ" என்றால் அதுவும் சரிதான். அதை அவர் வாயால் சொல்லட்டும்.

இனி என்ன கேட்பது என்பதற்கு வருகிறேன். றிப்போட்டில் உள்ள சொற்களை டொக்டர் விளங்கப்படுத்த முதல் வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். நான் அம்மாவின் றிப்போட்டைப் படமெடுத்து ரொறன்ரோவில் இருக்கிற அண்ணாவுக்கு அனுப்பினேன். அதில் "கிரேட் 3" என்று இருந்தது. அண்ணா அதை மூன்றாம் ஸ்டேஜ் என்று எடுத்து, அங்கே அண்ணியும் பிள்ளைகளும் அழுது, லண்டனில் சித்தி அழுது, விடியப்புறம் எங்கள் வீட்டு ஃபோன் ஓயவில்லை. கிரேட் என்பது நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது கலங்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பது. ஸ்டேஜ் என்பது வருத்தம் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. இரண்டும் வேறுவேறு. அம்மாவுக்கு ஸ்டேஜ் 2தான். உங்கள் அப்பாவின் விசயத்தில் ஸ்கான் எடுத்தாலும், சத்திரசிகிச்சை செய்து பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் பார்த்த பிறகுதான் ஸ்டேஜ் சரியாகத் தெரியும். ஆகவே செவ்வாய்க்கிழமையே டொக்டர் அதைச் சொல்லவில்லை என்றால் ஒளிக்கிறார் என்று நினைக்கவேண்டாம்.

எனக்கு உதவின கேள்வி ஒன்று: "இந்த மருந்து வருத்தத்தை முழுசா மாத்துறதுக்கோ, கட்டுப்படுத்தி வைக்கிறதுக்கோ?" கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு வருகிற பதிலை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் யோசிக்கலாம். உங்கள் அப்பாவுக்கு இன்னொன்றும் இருக்கிறது: மலம் போக வயிற்றில் பை வைக்கவேண்டி வருமா, வந்தால் கொஞ்சக் காலத்துக்கா, நிரந்தரமாகவா? ஆம்பிளைகள் இதை மனதுக்குள் வைத்துச் சாவார்களே தவிரக் கேட்கமாட்டார்கள். எல்லாருக்கும் வைப்பதில்லை, கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அதை நீங்கள் தொடக்கிவைக்கலாம்.

கீமோ என்று முடிவானால், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, எந்த நம்பருக்கு எடுப்பது, எந்த வோட்டுக்கு வருவது என்று அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு மிஸ்ஸி (தாதி) சொன்னது: 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பாரன்ஹைட் தாண்டினால், பனடோலைப் போட்டுவிட்டு விடியும்வரை பார்த்திருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். கீமோவுக்குப் பிறகு வெண்குருதிக் கலங்கள் குறைந்துபோய், சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். அம்மாவுக்கு ஒருக்கால் இரவு 11 மணிக்குக் காய்ச்சல் வந்தது. எழுதி வைத்திருந்தபடியால்தான் யோசிக்காமல் ஓட்டோவைக் கூப்பிட்டோம்.

அதோடு, வீட்டில் குடிக்கிற எல்லாவற்றையும் சொல்லுங்கள். அம்மா எங்களுக்கும் தெரியாமல், ஆரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு மூலிகைத் தூளைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டிருக்கிறா. இரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியில்லை என்று வந்தபோது டொக்டர் கேட்டார், அம்மா என்னைப் பார்க்காமல் மெல்லச் சொன்னா. அவர் ஏசவில்லை. "சொன்னது நல்லது அம்மா. கீமோ முடியும்வரைக்கும் அதை நிப்பாட்டுவம், ரெண்டும் ஒண்டோட ஒண்டு கொழுவும்" என்றார். ஏசுகிற டொக்டரும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஏச்சு வாங்கினாலும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவும் நான் கேட்டவை. அம்மா மூன்று கிளினிக்காக வைத்திருந்து கேட்ட கேள்வி வேறு: "டொக்டர், நல்லூர்த் தேருக்குப் போகலாமோ?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளியில் அறுபது பேர் காத்திருக்க, இதுவா கேள்வி என்று. டொக்டர் கலண்டரை எடுத்தார். அம்மாவுக்கு 21 நாளுக்கு ஒருக்கால் கீமோ. மருந்து ஏற்றி 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் மட்டில்தான் வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைவாக இருக்கும் என்று சொல்லி, விரலால் எண்ணினார். நல்லூர்க் கோயிலில் கொடியேற்றத்திலிருந்து 24ஆம் நாள் தேர். அது அம்மாவின் 18ஆவது நாளில் விழுந்தது. "முதல் நாள் இரத்தம் பாப்பம். சரியா இருந்தா மாஸ்க் போட்டுக்கொண்டு, சனத்துக்குள்ள போகாமல் தள்ளி நிண்டு பாத்திட்டு வாங்கோ" என்றார். எந்த நாள் ஆபத்து, எந்த நாள் பரவாயில்லை என்று எனக்கே அன்றைக்குத்தான் வடிவாக விளங்கியது. நான் எழுதிக்கொண்டுபோன பதினைந்து கேள்வியில் அது இருக்கவில்லை.

பதினைந்து கேள்வி என்பதும் கூடத்தான். கிளினிக்கில் கிடைப்பது ஐந்து நிமிடம். மூன்றை எழுதுங்கள், மிச்சத்தை மிஸ்ஸியிடம் கேட்கலாம், அவர்களுக்குக் கனக்கத் தெரியும். டொக்டர் சிங்களவராக இருந்து அப்பாவுக்கு இங்கிலிஷும் சிங்களமும் விளங்காவிட்டால், நீங்கள் பாதியை விழுங்கி மொழிபெயர்க்காதீர்கள். நான் அதையும் செய்தவள்.

செவ்வாய்க்கு முதல் ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்து அப்பாவிடம் கேளுங்கள்: "அப்பா, டொக்டரிட்ட உங்களுக்கு என்ன கேக்கவேணும்?" ஒன்றுமில்லை என்று சொன்னால் விட்டுவிடுங்கள். கொப்பியில் அவருக்கென்று ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, பேனையோடு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அம்மா தேர்க் கேள்வியைக் கேட்க மூன்று கிளினிக் எடுத்தது.