படகில் போன மீன்கள்

அன்புள்ள ஐயா,

என் சொந்த ஊர் மஞ்சூர்; கோவையில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். அமெரிக்காவின் கொலம்பியா, ஸ்நேக் ஆறுகளில் சால்மன் குஞ்சுகள் அணைகளைக் கடந்து கடலுக்குப் போவதைக் கணிக்கும் ‘காம்பஸ்’ போன்ற மென்பொருள்களைப் பற்றிப் படித்தேன். வசந்தத்தில் இறங்கும் குஞ்சுகளில் 96 சதவீதம் ஒவ்வோர் அணையையும் உயிரோடு கடக்க வேண்டும் என்று 2008இல் இலக்கு வகுத்திருக்கிறார்கள். அணையும் மீனும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு இது சான்றல்லவா? மோயாற்று மஹ்சீருக்கும் இப்படியொன்றை எழுத விரும்புகிறேன். பைத்தானில் தொடங்கலாமா, ஆர் மொழியைக் கற்க வேண்டுமா? நம் பொறியாளர்களுக்கு மீனைப் பற்றிய கவலையே இருந்ததில்லை என்பது என் வருத்தம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அவலாஞ்சி ஓடைகளில் வெள்ளையர் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட் மீனும், கொலம்பியாவில் கடலுக்குப் போய்த் திரும்பும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம் என்பதைச் சில நாள்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மலையில் அதற்குக் கடல் இல்லை. அங்கே கடலுக்கும் அதற்கும் நடுவே அணைகள் நிற்கின்றன. அந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது.

எந்தக் கணினி மொழி என்பதை உங்கள் அலுவலக நண்பர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொறியாளர்களைப் பற்றிய வருத்தத்தையும் விட்டுவிடுங்கள். என் சித்தப்பா குந்தா மலைப்பக்கத்து மின்நிலையம் ஒன்றில் ஷிப்ட் பார்த்தவர்; பள்ளி விடுமுறைகளில் நான் அவருடைய கேம்ப் குவார்ட்டர்ஸில்தான் கிடப்பேன். மணிக்கொரு முறை அணையின் நீர்மட்டம், ஓடும் இயந்திரங்கள், மெகாவாட் என்று லாக் ஷீட்டை நிரப்புவார். இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு நீர் வெளியேறும் டெயில்ரேஸ் வாய்க்காலில் செத்து மிதக்கும் மீன்களைக் கண்டு அவர் மனம் வருந்தியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை எழுதிவைக்க அந்தத் தாளில் இடமில்லை. மனமில்லை என்று நீங்கள் சொல்வது, பதிவு செய்யும் வழக்கமில்லை என்பதுதான்.

இனி உங்கள் 96 சதவீதம். படித்த பிள்ளை நீங்கள், ஒரு பெருக்கலைச் செய்யாமல் விட்டீர்களே என்று எனக்குக் கோபமே வந்தது. ஸ்நேக் ஆற்றின் மேற்பகுதியில், இடாஹோ மாநிலத்திலிருந்து இறங்கும் குஞ்சின் வழியில் லோயர் கிரானிட் முதல் பானிவில் வரை எட்டு அணைகள் உள்ளன. எட்டிலும் 96 வீதம் பிழைத்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 72. அந்த இலக்கு அணையைக் கடக்கும் இடத்தை மட்டுமே அளக்கிறது. அணைகளுக்கு இடையே ஓட்டம் செத்துக் கிடக்கும் நீர்த்தேக்கங்களில் வேட்டை மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகிறவை அதில் சேராது. உப்பு நீரைத் தாங்க உடல் தயாராகும் பருவத்துக்குள் கடலை எட்ட முடியாமல் தாமதப்பட்டவையும் சேராது.

அந்த மென்பொருள்களுக்கு அடியில் இருக்கும் கணக்கின் மீது எனக்கு மரியாதை உண்டு. 12 மில்லிமீட்டர் நீளமுள்ள, மின்கலம் இல்லாத, தனி எண் கொண்ட கண்ணாடி அடையாளக் குறியைக் குஞ்சின் வயிற்றில் செலுத்துகிறார்கள். அணையிலுள்ள உணர்கருவி அதன் எண்ணைப் படிக்கிறது. ஓர் அணையில் பதிவாகாத மீன் செத்திருக்கலாம், அல்லது கருவியின் கண்ணில் படாமல் கலிங்கு வழியாக இறங்கியிருக்கலாம். கீழணையில் மறுபடி பதிவாகிறவற்றைக் கொண்டு, மேலணைக் கருவி எத்தனையைத் தவறவிடுகிறது என்பதை முதலில் கணித்து, அதன் பிறகே பிழைத்தவற்றின் விகிதத்தைச் சொல்கிறார்கள். கார்மாக், ஜாலி, சீபர் என்ற புள்ளியியலாளர்கள் 1964, 1965இல் வகுத்துத் தந்த முறை இது.

ஆனால் கணக்கை எந்த இடத்தில் முடிப்பது? நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். ஸ்நேக் ஆற்றின் மேல் அணைகளில் குஞ்சுகளைத் திரட்டிப் படகுகளில் ஏற்றி, பானிவில்லுக்குக் கீழே கொண்டுபோய் விடும் பழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. படகில் ஏறிய குஞ்சுகளில் ஏறக்குறைய எல்லாமே உயிரோடு இறங்குகின்றன. அணைகளோடு கணக்கை முடித்தால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆனால் வளர்ந்து திரும்பும் மீன்களை எண்ணும்போது அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி காணாமல் போகிறது. இனத்தையும் பருவத்தையும் பொறுத்துப் பலன் உண்டு, மறுக்கவில்லை. எனினும் ஆற்றின் மணத்தை நினைவில் வைத்துப் பிறந்த ஓடையைத் தேடும் மீன், பாதி ஆற்றைப் படகில் கடந்துவிட்டதால், திரும்பும்போது வழிதவறி வேறு ஓடைகளுக்குள் நுழைவது கூடுகிறது. பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிவிட்ட தகப்பன், வண்டி கிளம்பியதையே அவன் ஊர் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லிக்கொள்வது போன்றது இது. கீழே போகும் நூறு குஞ்சுகளுக்குச் சராசரியாக 4 மீன்கள் திரும்ப வேண்டும் என்பது அந்த வட்டாரத்தின் குறிக்கோள். ஸ்நேக் ஆற்றில் இயற்கையாகப் பிறக்கும் சினூக் வகைச் சால்மன் பெரும்பாலான ஆண்டுகளில் 2ஐக்கூட எட்டுவதில்லை. அணைகளைக் கடந்த களைப்பும் காயமும் கடலில் போய்க் கொல்கின்றனவா, கடலே மாறிவிட்டதா என்று அந்தக் கணிப்பு மென்பொருள்களை எழுதியவர்களே பல ஆண்டுகளாக வாதிடுகிறார்கள். அவர்களுக்கு உள்ள இந்தச் சந்தேகம் உங்கள் கடிதத்தில் இல்லை; எனக்கு அதுதான் குறையாகப் படுகிறது.

மஹ்சீருக்கு வருவோம். அது கடலுக்குப் போகும் மீனன்று. மழைக்காலத்தில் முட்டையிட ஆற்றுக்குள்ளேயே மேலேறும் மீன். காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத திமில் மஹ்சீருக்கு மிஞ்சியிருக்கும் சில புகலிடங்களில் மோயாறும் ஒன்று. 2018இல் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிட்டார்கள். மோயாற்றின் நீர் பைக்காராவின் மின்உற்பத்திக்கேற்ப ஏறி இறங்குவது; கீழே பவானிசாகர் மறித்து நிற்கிறது. அங்கே டர்பைனைக் கடக்கும் விகிதத்தைக் கணிப்பதில் பயனில்லை. நீர் திடீரென வடியும்போது ஓரக் குட்டைகளில் சிக்கும் குஞ்சுகள் எத்தனை, மறு ஆண்டு மிஞ்சுகிறவை எத்தனை என்பதே கேள்வி. சால்மன் மென்பொருளில் மீனின் பெயரை மட்டும் மாற்றினால் இதற்கு விடை வராது.

முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் ஓடும் ஆறு என்பதால் வலையோடு இறங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். மீன் ஆய்வாளர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த விண்ணப்பத்தை முதலில் எழுதுங்கள். எங்கே குறியிடுவீர்கள், எங்கே மறுபடி தேடுவீர்கள், எத்தனை ஆண்டு பின்தொடர்வீர்கள் என்ற மூன்றையும் அதில் சொல்லியாக வேண்டும். எழுதி முடித்ததும் படி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.